செம்பியின் தாகம்

நாய் தண்ணீர் குடிப்பதில் வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. ஆனால் ஐம்பத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில், தென்னூர் அப்துல் மாலிக் பாயின் தோல் மண்டியில் செம்பி தண்ணீர் குடித்ததைப் பார்த்தவர்கள், கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு நின்றார்கள்.

முற்றத்து ஓரத்தில் உடைந்த பானையின் அடிப்பாகம் ஒன்று அதற்கென்று கிடந்தது. தோலுக்கு உப்புத் தேய்க்கும் அம்மணி அதில் குடத்தைச் சாய்ப்பாள். செம்பி முகத்தைக் கவிழ்த்தால் நிமிர்த்தாது. கண்ணெதிரில் தண்ணீர் இறங்கும். பானையின் கறுத்த அடி தெரியும். அதையும் நாக்கால் வழித்துவிட்டு அது அம்மணியைத் தலைதூக்கிப் பார்க்கும். கெஞ்சுகிற பார்வை இல்லை. பாதியில் விட்ட வேலையை முடிக்க வேண்டும் என்பது போல ஒரு பார்வை. அவள் மறுபடியும் கிணற்றுக்குப் போவாள்.

"இது நாயா, வாய்க்காலா?" என்றார் மேஸ்திரி ஹனீஃபா.

குமாஸ்தா நஜிமுதீனுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் உள்ளே போகிற அந்தச் சத்தத்தை எடை போடும் இடத்தில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு இருபது வயது. பகலில் மண்டி, சாயங்காலம் தெப்பக்குளம் பக்கம் ஒரு மாடியில் மெட்ரிக் பரீட்சைக்கு வகுப்பு. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற பிள்ளை. ஒரு எண்ணம் தனக்குத் தோன்றியது என்பதாலேயே அது தப்பாக இருக்கும் என்று நினைப்பான். அவன் பூட்டை இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று காத்திருந்து, தெருமுனை வரை கூடவே வருவது செம்பிதான். அதன் பேரில் அவன் பிரியம் வைக்க அது போதும்.

தாகத்துக்குக் காரணம் என்ன என்பதில் மண்டியில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சுற்று வட்டாரத்திலிருந்து பச்சையாக வந்து இறங்கும் ஆட்டுத் தோல்களுக்கு உப்புத் தேய்த்து அடுக்குவதுதான் அங்கே வேலை. தரையில் உப்பு, சுவரில் உப்பு, ஆட்களின் விரலிடுக்கில் உப்பு. மண்டி ஆட்களுக்கு உடம்பில் அரிப்பு என்றாலும் உப்பு, கண் எரிந்தாலும் உப்பு. ஆகவே நாய்க்குத் தாகம் என்றால் அது வேறு என்னவாக இருக்கும்?

"தோலை நக்குது, தண்ணி குடிக்குது. இதுல என்ன ஆராய்ச்சி தம்பி?" என்றார் ஹனீஃபா.

ஆராய்ச்சி வேண்டியிருந்தது. குடித்த தண்ணீர் உடம்பில் நிற்கவில்லை. செம்பி நடந்த இடமெல்லாம் நனைந்தது. படுத்த இடமும் நனைந்தது. அதற்கே தெரியாமல் போனது போலிருந்தது. ஒரு நாள் அடுக்கி வைத்த தோல்களின் மேலேயே போய்விட்டது. நனைந்த தோலில் மயிர் கழன்று கறை விழுந்தால் எவனும் வாங்க மாட்டான். மாலிக் பாய் அந்தத் தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபப்படுகிற மனிதர் இல்லை அவர்.

"சனிக்கிழமை மெட்ராஸ்லேருந்து ஆள் வருது, சரக்குப் பாக்க. அன்னைக்குக் காலையில லாரி மண்ணச்சநல்லூர் போகுதுல்ல, அதுல இதை ஏத்திடுங்க. ரைஸ் மில்லு வாசல்ல இறக்கி விட்டா தவிடு கிடக்கு, எலி கிடக்கு. பொழைச்சுக்கும்."

பிழைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். மில் வாசலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க அம்மணி இருக்க மாட்டாள்.  தோலின் மேல் அவள் கை முன்னைவிட அழுத்தித் தேய்த்தது.

பொது விஞ்ஞான வகுப்பில் வாத்தியார் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்றுக்குக் காரணம் தெரிய வேண்டுமானால், மற்றதை எல்லாம் அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நஜிமுதீன் செம்பியைக் குளிப்பாட்டி, உப்புக் காற்றுகூடப் படாமல் பின்கட்டு வேப்பமரத்தில் கட்டி, பானையையும் அங்கே நகர்த்தினான். வீட்டிலிருந்து உப்பில்லாத சோறு கொண்டுவந்து போட்டான். இரண்டு நாள் கழிந்தது. செம்பி முன்போலவே குடித்தது. ஆக, உப்பு இல்லை. அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. யாராவது அவிழ்த்து விட்டீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டான்.

வெயிலா என்றால், ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் தூறலும் இருந்தது. பேதியா என்றால் அதுவும் இல்லை. சோறுதான் முன்போல் தின்னவில்லை.

அப்போதுதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். குடிப்பதால்தானே நனைக்கிறது? குடிக்காவிட்டால் நனைக்காது. நனைக்காவிட்டால் தோலுக்குச் சேதம் இல்லை. தோலுக்குச் சேதம் இல்லையென்றால் லாரி இல்லை. வடிவக் கணக்கு மாதிரி நேராக இருந்தது. புதன்கிழமை காலையில் பானைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அதன் மேல் ஒரு பலகையைப் போட்டான்.

முதலில் செம்பி பலகையைச் சுற்றி வந்தது. பிறகு அதன் மேல் முகவாயை வைத்துப் படுத்தது. வெயில் ஏறியதும் கயிறு எட்டுகிற வரை இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் ஈரமாயிருந்த கல்லை நக்கியது. வாளியிலிருந்து சொட்டு விழுமா என்று அண்ணாந்து நின்றது. இவ்வளவுக்கும் நடுவில் அதன் காலடி நனைந்துகொண்டே இருந்தது. உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை. வெளியே போவது நிற்கவில்லை. நஜிமுதீன் இதைப் பார்த்தான். பார்த்தும் அதன் பொருள் அவனுக்குப் பிடிபடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், நின்றுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மத்தியானத்துக்கு மேல் செம்பியின் பின்னங்கால்கள் மடங்கின. சாப்பிட்டுத் திரும்பிய அம்மணி, பலகையைக் காலால் எத்தித் தள்ளினாள்.

"யாரு போட்டது இதை?"

"நான்தான்க்கா. ஒரு சோதனை பண்ணி..."

"சோதனையா? ஒன் வாய்க்கு ஒரு நாள் பலகையைப் போட்டுப் பாரேன் தம்பி. சோதனை சுலபமா முடிஞ்சிரும்."

அவள் உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி அதன் வாயில் விட்டாள். பாதி வழிந்தது. நாக்கு மெல்ல வெளியே வந்து அவள் கையைத் தேடியது. அந்த நேரத்தில் மாலிக் பாய் பின்கட்டுக்கு வந்தார். நடந்ததைக் கேட்டார்.

"நஜீமு, அதை வண்டியில ஏத்தச் சொன்னது நான்தான். ஆனா அது இந்த வாசல்ல இருக்கிற வரைக்கும் அதோட தண்ணியில யாரும் கை வைக்கக் கூடாது. தாகத்துல கிடந்த நாய்க்குத் தண்ணி எறைச்சுக் குடுத்தவனை அல்லா மன்னிச்சான்னு பள்ளியில நீ கேட்டதில்லையா? மறிச்சவனை என்ன பண்ணுவான்னு யோசிச்சுக்க."

அவர் போன பிறகு ஹனீஃபா குரலைத் தாழ்த்தினார். "மொதலாளிக்குச் சர்க்கரை. கூஜா இல்லாம பள்ளிக்குக்கூட போக மாட்டாரு. தாகம்னா என்னன்னு அவருக்குத் தெரியும். இதுவும் அவரு வீட்டு மிச்சத்தைத்தானே திங்குது, இதுக்கும் ஒட்டிக்கிச்சோ என்னமோ."

ஆட்கள் சிரித்தார்கள். நஜிமுதீன் மட்டும் ஹனீஃபாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உப்பைத் தொடாமலேயே மாலிக் பாய் நாளெல்லாம் தண்ணீர் குடிக்கிறார். வெயிலாலும் இல்லை. அவருடைய உடம்புக்குள் ஏதோ ஒன்று கேட்கிறது. அப்படியானால் செம்பிக்குள்ளும் ஏதோ ஒன்று கேட்கக்கூடும். மூன்று வருஷமாக ஆட்டின் தோல் ஒன்றைத் தவிர வேறெதையும் பார்க்காதவனுக்கு, பிராணிகளுக்கு உள்பக்கம் ஒன்று உண்டு என்பது அன்றுதான் புதிதாகத் தோன்றியது போலிருந்தது.

மறுநாள் மாலிக் பாயிடம் போய் நின்றான். "மொதலாளி, ஏத்துறதுக்கு முன்னால ஒரு தடவை மாட்டாஸ்பத்திரியில காட்டிரட்டுமா?"

"காட்டு. வெள்ளிக்கிழமை மண்டி லீவுதானே. ஆனா சனிக்கிழமை லாரி உனக்காக நிக்காது, சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையில் டவுன் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் கிராமங்களுக்கு மாட்டுத் தடுப்பூசி போடப் போயிருப்பதாகவும், ஸ்ரீரங்கத்து மருந்தகத்தில் ரெங்கராஜன் என்று ஒருவர் இருப்பதாகவும் அங்கே இருந்த பியூன் சொன்னான். ஜும்ஆ தொழுகை முடித்து வந்து செம்பியை அவிழ்த்தபோது அம்மணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள்.

"நீங்க எதுக்கு அக்கா? லீவு நாள்ல."

"ஒன்னைத் தனியா விட்டா போற வழியில இன்னொரு சோதனை பண்ணுவே."

குதிரை வண்டி கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. ஆடி வெள்ளி, திருவானைக்காவலுக்கும் சமயபுரத்துக்கும் போகிற ஜனம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் வெள்ளைச்சாமி என்கிற வண்டிக்காரன் அகப்பட்டான்.

"நாளும் கிழமையுமா நாய்க்குச் சவாரியா?"

"ஆஸ்பத்திரிக்குங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

"மாட்டாஸ்பத்திரி."

வெள்ளைச்சாமி சாட்டையை இடுப்பில் செருகினான். "நாயைக் குதிரை வண்டியில ஏத்தி மாட்டாஸ்பத்திரிக்கு. என் அப்பன் காலத்துலகூட இந்த மாதிரி சவாரி வந்திருக்காது. ஏறுங்க, ஏறுங்க."

காவேரிப் பாலத்தில் வண்டி ஏறியதும் செம்பி தலையைத் தூக்கியது. ஆறு இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அதுவரை அம்மணியின் மடியில் துணியாகக் கிடந்த நாய் எழுந்து, வண்டியின் பக்கச் சட்டத்தின் மேல் முன்கால்களை வைத்து நின்றது. மூக்கு நடுங்கியது. பாலம் முடிகிறவரை அப்படியே நின்றது. அந்தப் பக்கம் இறங்கியவுடன் அது போட்ட முனகலைக் கேட்டு வெள்ளைச்சாமியே வண்டியை அம்மா மண்டபத்துப் பக்கம் திருப்பினான்.

"குடிச்சிட்டு வரட்டும். இப்படிக் கேட்டா குதிரையே நடக்காது."

படித்துறையில் மஞ்சள் பூசிக் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கினார்கள். செம்பி ஓரப்படியில் மார்பு நனைய நின்று ஆற்றில் வாயை வைத்தது. குடித்தது. வெள்ளம் அதன் முகத்தில் மோதி இரண்டாகப் பிரிந்து போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. ஒரு கிழவர் தர்ப்பணம் செய்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "அகஸ்தியர் சமுத்திரத்தைக் குடிச்ச மாதிரின்னா குடிக்கறது" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். நஜிமுதீன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு படி மேலே நின்றான். இவ்வளவு பெரிய ஆறு ஒரு பக்கம். இந்தச் சின்ன உடம்பு ஒரு பக்கம். ஆற்றுக்கு முடிவு தெரியவில்லை. நாயின் தாகத்துக்கும் முடிவு தெரியவில்லை. இரண்டில் எது பெரிது என்று ஒரு கணம் அவனுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அவன் மேல் மயிர் சிலிர்த்தது. கயிறு இழுபட்டது. செம்பி கரையேறி, இரண்டடி நடந்து, குடித்ததை அப்படியே மண்ணில் விட்டது.

மருந்தகம் ஒரு ஓட்டுக் கட்டடம். வாசலில் கன்றுக்குட்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். டாக்டர் ரெங்கராஜனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். நெற்றியில் திருமண், இடுப்பில் ரப்பர் துணி. நாயைப் பார்த்ததும் அவர் முகத்தில் தெரிந்தது வெறுப்பு இல்லை, ஆவல்.

"நாயா? இங்க பசுவும் கன்னுக்குட்டியுமாப் பார்த்துப் பார்த்து நாய்க்கு எத்தனை பல்லுன்னே மறந்துடும் போல இருக்கு. என்ன பண்றது?"

நஜிமுதீன் உப்பு, வெயில், சோறு, பேதி என்று வரிசையாகச் சொன்னான். பலகை போட்டதையும், மறுநாள் லாரி மண்ணச்சநல்லூர் போவதையும் விடாமல் சொன்னான். வெறியாக இருக்குமோ என்று ஆட்கள் பயந்ததையும், தண்ணீர் குடிப்பதால் அது இல்லை என்று மேஸ்திரி சொன்னதையும் சொன்னான்.

"மேஸ்திரி சொல்றதை நம்பாதேள். வெறி பிடிச்ச நாயும் தண்ணிகிட்டப் போகும். இதுக்கு அது இல்லைங்கறது வேற விஷயம்." டாக்டர் உள்ளே திரும்பினார். "விக்டர், ஒண்ணுக்குப் பிடிங்கோ. காத்திருக்க வேண்டியிருக்காது."

கம்பவுண்டர் விக்டர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நஜிமுதீன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான்.

"சர்க்கரை இருந்தா பச்சையாகும், மஞ்சளாகும், கடைசியில செங்கல் நிறத்துக்கு வந்துடும்" என்றார் டாக்டர்.

குழாய் கொதித்தது. நீலம் நீலமாகவே இருந்தது. சர்க்கரையும் இல்லை.

டாக்டர் செம்பியின் வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. காய்ச்சல் பார்த்தார். பிறகு நஜிமுதீனிடம் கேட்டார்: "ஆண் நாயெல்லாம் இதைச் சுத்திண்டு வந்தது கடைசியா எப்போ?"

நஜிமுதீனின் காது சிவந்தது. அவன் தரையைப் பார்த்தான். வாசற்படியில் நின்ற அம்மணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பதில் சொன்னாள்.

"ஆனி பொறந்தப்பங்க. வாசல்ல ஒரே கூட்டம்."

"சினை பிடிக்கலையா?"

"பிடிக்கலீங்க. இப்பக் கொஞ்ச நாளா பின்னால அழுக்குப் படுதுங்க. சீ மாதிரி."

"இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?"

"ஆம்பளைங்க இருக்கிற மண்டியில இதை யார்கிட்டங்க சொல்றது? இந்தத் தம்பி உப்பைக் கேட்டுச்சு, சோத்தைக் கேட்டுச்சு. இதைக் கேக்கலை. கேட்டிருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன். அதுக்கும் தண்ணிக்கும் என்னங்க சம்பந்தம்?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "கர்ப்பப்பை முழுக்கச் சீழ் கட்டியிருக்கு. அந்த விஷம் ரத்தத்துல கலந்து சிறுநீரகத்துக்குப் போறது. சிறுநீரகத்தோட வேலை, உடம்புக்கு வேண்டிய தண்ணியை வெளியில விடாமப் பிடிச்சு வைக்கறது. முக்கொம்பு அணையில ஷட்டர் இருக்கோல்லியோ, அது மாதிரி. விஷம் ஷட்டரைத் தூக்கி விட்டுடுத்து. தண்ணி நிக்கலை. நிக்காததாலதான் குடிக்கறது. குடிக்கறதாலே போறதுன்னு நீங்க எல்லாரும் நினைச்சேள். அப்படியே தலைகீழ். போறதாலே குடிக்கறது."

நஜிமுதீன் அந்த வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டே நின்றான். கிணற்றடியில் கல்லை நக்கிய நாக்கும், நனைந்துகொண்டேயிருந்த காலடியும் கண்ணில் நின்றன. விடை அன்றைக்கே அவன் முன்னால் கிடந்திருக்கிறது. குடித்த ஒவ்வொரு வாயும் அந்த நாயை ஒரு நாள் தள்ளிக் காப்பாற்றியிருக்கிறது. அவன் அதற்குத்தான் மூடி போட்டிருக்கிறான்.

"எடுத்துடணும்" என்றார் டாக்டர். "மெட்ராஸ்ல படிக்கறச்சே பார்த்திருக்கேன். நானாப் பண்ணினது ரெண்டு. அதுல ஒண்ணுதான் பிழைச்சுது. பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை."

"பண்ணலைன்னா?"

"மண்ணச்சநல்லூர் வரைக்கும் போகும். அதுக்கு அப்புறம் போகாது."

அவன் அம்மணியைப் பார்த்தான்.

"என்னை என்னத்துக்குப் பாக்குற? கூட்டிக்கிட்டு வந்தது நீதானே. சொல்லு."

வாழ்க்கையில் ஒரு கூட்டல் கணக்கைக்கூட இரண்டாவது தடவை பார்க்காமல் விடாதவன், இதற்கு இரண்டாவது தடவை பார்க்க வழியில்லை என்பதைக் கண்டான். "பண்ணுங்க சார்" என்றான். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

முதலில் ஒரு பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, குழாய் வழியாகச் செம்பியின் தோலுக்கடியில் ஏதோ ஏற்றினார்கள். அது என்ன மருந்து என்று நஜிமுதீன் கேட்டான்.

"உப்புத் தண்ணி" என்றார் விக்டர்.

"உப்பா?"

"உப்புதான். உடம்புலேருந்து அடிச்சிக்கிட்டுப் போனதுல அதுவும் உண்டுல்ல."

மண்டியில் மூட்டை மூட்டையாக இறங்கி, எல்லாப் பழியையும் சுமந்த அந்த உப்பு, பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக நாய்க்குள் இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டார்கள். ஊசி போட்ட பிறகு விக்டர் பஞ்சு வைத்த மூடியை மூக்கில் வைத்து மருந்தைச் சொட்டினார். பின்னங்கால்களைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

"மயக்கம் போட்டு விழறதா இருந்தா இப்பவே வெளியில போயிடுங்கோ" என்றார் டாக்டர். "நடுவுல விழுந்தா உங்களைத் தூக்க ஆளில்லை."

அவன் போகவில்லை. கத்தி போன வழியில் தோல் விலகியது. தோல் அவனுக்குத் தெரியும். அதன் கனம், அதன் நயம், எது நல்ல தோல், எது அம்மை விழுந்த தோல், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லுவான். தோலுக்கு அந்தப் பக்கம் வந்ததும் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஈரமும் பளபளப்புமாக, ரோஜா நிறத்தில், முத்து நிறத்தில், ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு ஏதேதோ இருந்தன. லேசான ஆவி எழுந்தது. குடல் யாருடைய கட்டளையும் இல்லாமல் மெல்ல நெளிந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சுக்கு மூச்சு எல்லாம் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கியது. நாய் தூங்குகிறது; இவை தூங்கவில்லை. அவன் இத்தனை வருஷம் கை வைத்த ஒவ்வொரு தோலும் ஒரு காலத்தில் இப்படி ஒன்றைச் சுற்றிப் போர்த்தியிருந்தது. இந்த எண்ணம் வந்ததும் அவன் உதடு தானாக இறைவன் பேரைச் சொல்லிற்று.

"இதோ" என்றார் டாக்டர்.

இரண்டு கையாலும் அவர் அதைத் தூக்கினார். ஒரு காம்பில் காய்த்த இரண்டு மொந்தன் வாழைக்காய்கள் போல, இறுகி, பளபளத்து, நிறம் மாறி இருந்தது.

"வாழைநார் கனம்தான் இருக்கணும் இது" என்றார் டாக்டர், தாழ்ந்த குரலில். அவருக்கும் அது ஆச்சரியமாகவே இருந்தது என்பது தெரிந்தது. "உடைஞ்சா போச்சு. யாரும் பேசாதேள்."

டாக்டர் நூலால் கட்டினார், அறுத்தார், மறுபடி கட்டினார். தொட்டியில் அது விழுந்தபோது கனமான சத்தம் கேட்டது. அதில் இருந்ததுதான் மண்டிக் கிணற்றையும் கடைசியில் காவேரியையும் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு மூலையில் சீழ் கட்டினால், வேறெங்கோ மடை திறந்து, நாக்குக்குச் செய்தி போகிறது. நாய்க்கு ஏன் என்று தெரியாது. குடிக்க வேண்டும் என்று மட்டும் தெரியும். தெரிந்தவரைக்கும் அது சரியாகவே செய்திருக்கிறது.

வேலை முடிந்து குழாயடிக்கு வந்ததும் டாக்டர் முழங்கை வரை சோப்புப் போட்டார்.

"ஆத்துக்குப் போனா தலைமுழுகாம உள்ளே விட மாட்டா. நாயைத் தொட்டேன்னு சொல்லவே வேண்டாம், வாசனையே சொல்லிடும்."

"எங்கம்மாவும் மண்ணு போட்டுக் கழுவாம சட்டியைத் தொட விட மாட்டாங்க சார்."

"அப்படியா? சரியாப் போச்சு. நன்னாத் தேய்ச்சுக்கோங்கோ."

இருவரும் ஒரே குழாயில் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் டாக்டர் சொன்னார்: "நாளைக்குக் கண் முழிச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். தாகம் எப்படி இருக்குன்னு பார்த்தாத் தெரிஞ்சுடும்."

சனிக்கிழமை காலையில் மண்டி வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. நஜிமுதீன் மாலிக் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கூஜாவைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்குள்ள அவ்வளவு வச்சுக்கிட்டா வாலை ஆட்டிக்கிட்டிருந்துச்சு?"

"ஆமா மொதலாளி."

அவர் கூஜாவின் மூடியைத் திருகினார். பிறகு வாசலைப் பார்த்துக் கையை ஆட்டினார். "லாரியை எடுக்கச் சொல்லு. இல்லாத சரக்குக்காக எவ்வளவு நேரம்தான் நிறுத்தி வைக்கிறது?" லாரி நகர்ந்ததும், "மெட்ராஸ்காரர் போனதும் நீ கிளம்பு. அம்மணியையும் கூட்டிக்க. என்ன ஆச்சுன்னு எனக்கு வந்து சொல்லணும்" என்றார்.

அவர்கள் மருந்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. செம்பி சாக்கின் மேல் கட்டுப்போட்ட வயிற்றோடு படுத்திருந்தது. கண் திறந்திருந்தது. அம்மணியின் காலடி கேட்டதும் வால் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. சாக்கு உலர்ந்திருந்தது. நஜிமுதீன் அதைத் தொட்டுப் பார்த்தான். கையை எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தான்.

"காலையில கொஞ்சம் குடிச்சுது" என்றார் விக்டர். "இப்பக் குடுத்துப் பாருங்க."

அம்மணி பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்தாள். செம்பி கழுத்தை நீட்டி, நாக்கால் நாலைந்து தடவை எடுத்தது. நிறுத்தியது. பாத்திரத்தில் தண்ணீர் அப்படியே இருந்தது. அம்மணி பழக்கத்தில், இன்னும் ஊற்றுவதற்காகக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். செம்பி அவளைப் பார்க்கவில்லை. உதட்டில் ஒட்டியிருந்த சொட்டை நக்கிக்கொண்டு, முன்கால்களின் மேல் முகத்தை வைத்து, ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடியது.

"போதுமாடி?" என்றாள் அம்மணி.

 பாத்திரத்துத் தண்ணீரின் ஆட்டம் மெல்ல அடங்கி, அதில் ஜன்னல் தெரிந்தது. வாசலில் டாக்டர் வந்து நின்றதை நஜிமுதீன் உணர்ந்தான்.  நாய் வேண்டாம் என்று விட்ட அந்தத் தண்ணீரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மணி மட்டும், இடுப்பில் நிறைகுடத்தோடு, அதை இனி எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவள் போல நின்றாள்.